மேய்ச்சலுக்கு வந்த துரை

துரைக்குப் பல ஊர்களில் பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒரு பெண்குதிரையின் மூச்சு அவன் முகத்தில் பட்டதே இல்லை.

இதை மருமகள் சொன்னபோது நாத்தனார் நம்பவில்லை. காரிலிருந்து இறங்கி, புதுச் செருப்பில் சாணம் படாமல் எட்டி எட்டி நடந்து வந்தவள், வேலியருகே அப்படியே நின்றுவிட்டாள்.

"அதெப்படிம்மா? பிள்ளைங்க இருக்குன்றே, பக்கத்துலயே போனதில்லேன்றே..." என்று ஆரம்பித்தவள், காது கேட்கும் தூரத்தில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "எப்படி?"

"எல்லாம் டாக்டர் வேலை, அண்ணி. குதிரை மாதிரி ஒரு கட்டையைச் செஞ்சு வெச்சிருப்பாங்க. அதுமேல ஏறவெச்சு, விந்தை எடுத்துக் குழாயில அடைச்சு, ஐஸ் பெட்டியில வெச்சு ஊர் ஊரா அனுப்பிடுவாங்க."

நாத்தனார் துரையை மேலும் கீழும் பார்த்தாள். வளைந்த கழுத்து, குழிந்த முகம், தூக்கிப் பிடித்த வால். சாம்பல் நிற உடம்பு வெயிலில் பளபளத்தது.

"பேருக்குத்தான் துரையா? பாவமே!"

மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இந்தப் பண்ணையை முதல்முறை பார்ப்பவர்கள் லாயம் எங்கே என்று கேட்பார்கள். லாயம் கிடையாது. மழைக்கு ஒதுங்க ஒரு பக்கம் திறந்த கொட்டகை இருக்கிறது. மற்றபடி அரபுக்குதிரைகள் இரவும் பகலும் புல்வெளியில்தான். காலில் லாடம் இல்லை, முதுகில் போர்வை இல்லை. பெண்குதிரைகள் கூட்டத்துக்கு நடுவிலேயே குட்டி போடும். போதும் என்று தாய்க்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போது அதுவே பால் மறக்கவைக்கும். ஆண்குதிரையும் கூட்டத்தோடு கூட்டமாக மேயும்.

"குதிரையைக் குதிரையா விட்டா போதும். நம்ம வேலை வேலி கட்டறதும் வேடிக்கை பாக்கறதும்தான்" என்பார் பெரியவர், அவளுடைய மாமனார். முழங்கால் போன பிறகு வேடிக்கை பார்ப்பது அவர் பங்கு. வேலி கட்டுவது மருமகள் பங்கு.

பண்ணையின் பழைய ஆண்குதிரை மழைக்காலத்தில் செத்துப்போனது. அதன் இடத்துக்குத்தான் துரை வந்தான். கண்காட்சிகளில் பரிசு வாங்குவதற்காகவே வளர்க்கப்பட்டவன். குட்டியாக இருந்தபோதே கம்பி போட்ட ஒரு தனி அறைக்குள் போனவன், அங்கேயே வளர்ந்தான். மீசை முடியைச் சிரைத்து, மூக்கில் எண்ணெய் தடவி, பூவேலை செய்த போர்வையோடு லாரியிலிருந்து இறங்கியவனுக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? வேலைக்காரர்களைக் கடிக்க ஆரம்பித்ததால் அவனுடைய முதலாளி கைகழுவிவிட்டார். "உங்ககிட்டயும் சரிப்படலேன்னா சொல்லிடுங்க. திருப்பி அதே அறையில போட்டுடறேன்" என்றார்.

பெரியவருக்கு அவனைப் பிடிக்கவில்லை. "குதிரை பாஷை தெரியாத குதிரை. இதைக் கூட்டத்துல விட்டா ஒண்ணு இது சாகும், இல்லே இன்னொண்ணு சாகும்" என்றார். மருமகள் கேட்கவில்லை. லாடத்தைப் பிடுங்கினாள். போர்வையைக் கழற்றினாள். பெண்குதிரைகள் மேயும் வெளியை ஒட்டி, நடுவில் இரட்டை வேலி விட்டு, தனியாக ஓர் இடத்தில் அவனை வைத்தாள். அவன் மூக்கில் மீசை திரும்ப முளைத்தது. பெரியவர் அதிலிருந்து அவளோடு அதிகம் பேசவில்லை. முன்பும் அப்படி ஒன்றும் பேசிக் குவித்தவர் இல்லை.

இன்று வேலியைத் திறக்கும் நாள்.

நாத்தனார் இன்று வருவதாகப் போன வாரமே போன் செய்திருந்தாள். "நேர்ல பேச வேண்டிய விஷயம்" என்று மட்டும் சொன்னாள். அந்த விஷயம் தன் கணவனைப் பற்றியது என்பதில் மருமகளுக்குச் சந்தேகமில்லை.

அவன் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்துப் போனவன். போகும்போது அவளையும் கூப்பிட்டான். அப்போது ஒரு குதிரை குட்டி போடும் நிலையில் இருந்தது. "இது ஒண்ணு முடியட்டும், வந்துடறேன்" என்றாள். அது முடிந்தது. அடுத்தது வந்தது. சினையாக ஒரு குதிரை இல்லாத வருஷம் இந்தப் பண்ணையில் ஏது? முதலில் தினமும் போன் வந்தது, பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு தோன்றினால். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானமாகியிருக்கலாம்.

"முதல்ல இவனை விட்டுடறேன் அண்ணி. அப்புறம் உட்கார்ந்து பேசலாம்" என்றாள்.

"நிதானமா விடும்மா. எனக்கென்ன அவசரம்?" என்ற நாத்தனார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

குட்டி வைத்திருக்கும் குதிரைகளையும் மற்றவற்றையும் மருமகள் விடியலிலேயே மேல்வெளிக்கு ஓட்டியிருந்தாள். பழக்கமில்லாத ஆண்குதிரை குட்டியைக் கடித்துக் கொன்றுவிடலாம். கீழ்வெளியில் ஒரே ஒரு பெண்குதிரையைத்தான் விட்டிருந்தாள். கூட்டத்திலேயே வயதானவள், எல்லாருக்கும் நாட்டாமை. அவள் பெயர் பெரியம்மா.

மருமகள் கதவைத் திறந்து, துரையை உள்ளே நடத்திப் போய், அவன் தலைக்கயிற்றைக் கழற்றிவிட்டு விலகினாள்.

அவன் ஓடவில்லை.

நாத்தனார் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா இது? அவ்வளவு இடம் இருக்கு, ஓட மாட்டேங்குது?" என்றாள்.

துரை நாலடி வைத்தான், திரும்பினான். மறுபடி நாலடி, மறுபடி திரும்பினான். சுற்றிலும் புல்வெளி மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டியவரை கிடந்தது. அதன் நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவன் போய் வந்துகொண்டிருந்தான். அவன் காலடியில் புல் மடங்கி, நாலு மூலையும் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது.

"அறையைக் கூடவே கொண்டுவந்துட்டான்" என்றார் பெரியவர். குரலில் கேலி இல்லை.

மருமகள் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போ, போடா, என்று உதட்டுக்குள் சொன்னாள்.

பெரியம்மாதான் முதலில் அசைந்தாள். மேய்வதை நிறுத்திவிட்டு, யார் வீட்டு விருந்தாளி என்று விசாரிக்க வருபவள் போல நிதானமாக நடந்து வந்தாள். துரை நின்றான். இரண்டு மூக்குகளும் நெருங்கின. மூச்சோடு மூச்சு கலந்தது. துரையின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது.

பெரியம்மா கிறீச்சென்று கத்தி, முன்னங்காலால் தரையை ஓங்கி அடித்தாள். தள்ளி நில் என்று அர்த்தம். எந்த இளங்குதிரைக்கும் புரியும்.

துரைக்குப் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக அவள்மேல் பாய்ந்தான்.

பெரியம்மா திரும்பினாள். பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றாக எழும்பின. நனைந்த மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

"ஐயோ!" என்று நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

துரை பின்வாங்கித் தடுமாறினான். ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நின்றான். மருமகள் வேலிக்குள் நுழைந்துவிட்டாள்.

"உள்ளே போகாதே!" பெரியவர் கத்தினார். "போகாதே சொல்றேன்! கடிப்பான்!"

அவள் ஓடவில்லை. தரையைப் பார்த்தபடி, பக்கவாட்டில், மெல்ல நடந்து போனாள். துரை காதைப் பின்னால் மடக்கினான். அவள் நின்றாள். மூச்சை விட்டாள். மறுபடி நடந்தாள். கை அவன் தோளில் பட்டபோது அவன் கடிக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். நெஞ்சில் உதை விழுந்த இடத்தில் தோல் கிழிந்து இரத்தம் கசிந்தது. விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. காலைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் அதை ஊன்றினான்.

"ஒண்ணும் இல்லே மாமா! சதையிலதான் பட்டிருக்கு!" என்று திரும்பிச் சொன்னவள், அப்போதுதான் கவனித்தாள். பெரியவர் நாற்காலியில் இல்லை. கைத்தடியையும் விட்டுவிட்டுக் கதவுவரை வந்திருந்தார். கதவைப் பிடிக்கக் கையை நீட்டினார். கை தவறியது.

நாத்தனார் செருப்பை உதறிவிட்டு ஓடிப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். "என்னப்பா இது? மறுபடியும் விழணுமா?"

மருமகள் அங்கேயே நின்றாள். "மறுபடியுமா?"

நாத்தனார் அப்பாவைப் பிடித்து வீட்டுக்குள் நடத்திப் போனாள்.

சமையலறை மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. பெரியவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். நாத்தனார்தான் பேசினாள்.

"உங்கிட்ட சொல்லாதேன்னு சொன்னாரு. தீவன அறையில விழுந்துட்டாரும்மா. வேலி வேலையா நீ மேல இருந்திருக்கே."

"எப்போ மாமா?"

"அது ஆச்சு கொஞ்ச நாள்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டேன்" என்றார் அவர். பிறகு அவசரமாக, "காத்து அந்தப் பக்கமா அடிச்சுது. உனக்குக் கேட்டிருக்காது" என்றார்.

"எவ்வளவு நேரம் அப்படியே..."

"ரொம்ப நேரமில்லே. வெயில் வாசப்படியில இருந்துச்சு. நான் எழுந்திருக்கறப்ப தீவனத் தொட்டிக்கிட்ட வந்துடுச்சு."

அவளுக்கு அந்த அறை தெரியும். வாசற்படிக்கும் தொட்டிக்கும் நடுவே வெயில் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதும் தெரியும். அன்று மாலை வீட்டுக்கு வந்து, வேலியில் எந்தக் கட்டை உளுத்துப்போயிருந்தது என்று அவரிடம் விவரமாகச் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சட்டையில் ஒட்டியிருந்த தவிட்டை அவள் பார்க்கவில்லை.

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். "தம்பி அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டான்ம்மா. அவனோடயே இருக்கட்டும்னு. அங்கே லிஃப்ட் இருக்கு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாச்சு. சாயங்கால ரயில்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

மருமகள் பெரியவரைப் பார்த்தாள். "உங்களுக்குச் சம்மதமா மாமா?"

அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். இந்த வீட்டில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதேயில்லை. "கூப்பிட்டா யாருக்காவது கேக்கற இடத்துல இருக்கணும்னு தோணுது."

நான் இருக்கிறேனே என்று சொல்லலாம். அவள் இருந்தாள்தான், மேல்வெளியில். இனிமேல் கூடவே இருக்கிறேன் என்று சொல்லலாம். குதிரைகளை யார் பார்ப்பது? இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் பொய்யாக ஒலித்தன.

"மோர் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"ஊத்து" என்றார்.

பெட்டி கட்டுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சட்டைகள், முழங்காலுக்குத் தடவும் தைலம், கம்பளி. மாட்டியிருந்த படங்களில் எதை எடுத்து வைக்கட்டும் என்று கேட்டாள். முதல்முதலாக அவர் வாங்கிய குதிரையின் படமும் அங்கே இருந்தது. "எதுவும் வேண்டாம். அங்கே ஆணி அடிக்க விடமாட்டாங்க" என்றார். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. கம்பளியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

நாத்தனார் கூடத்தில் நின்றபடி படங்கள் மாட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. இப்போது விரல்கள்தான் கார் சாவியைத் திருகிக்கொண்டிருந்தன.

காரில் ஏறும் முன் பெரியவர் கீழ்வெளிப் பக்கம் திரும்பினார். அங்கிருந்து பார்த்தால் கொட்டகைதான் தெரியும், குதிரைகள் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்போதும் தெரியவில்லை.

"காயத்துல பச்சைத் தண்ணி அடி. மருந்து எதுவும் போடாதே. ஈ மட்டும் உட்காராம பாத்துக்கோ."

"சரி மாமா."

"பெரியம்மாவைத் திட்டாதே. அவ செஞ்சது சரிதான்."

"திட்டலே மாமா."

இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. நாத்தனார் வண்டியைக் கிளப்பிவிட்டாள். புழுதி அடங்கும்வரை மருமகள் நின்றாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கீழ்வெளிக்குப் போனாள். நிற்பதற்கு வேறு இடம் இல்லை.

துரையின் நெஞ்சு வீங்கியிருந்தது. தண்ணீரை வாரி வாரி அடித்தாள். அவன் காதை அசைத்தபடி நின்றான். கட்டத்துக்குள் நடப்பதை விட்டிருந்தான். பெரியம்மா தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு மேய்ந்தாள்.

வெயில் சாய்ந்தது. வீட்டுக்குள் போக மனம் வரவில்லை. வேலிக் கட்டையில் உட்கார்ந்து போனை எடுத்தாள். கணவனின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசியாக அவளாகக் கூப்பிட்டது எப்போது என்று தெரியவில்லை.

உடனே எடுத்துவிட்டான். "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலே. மாமா விஷயமா சொல்லணும். காலையில எழுந்ததும் கொஞ்ச நேரம் அவருக்கு முழங்கால் மடங்காது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தா சரியாயிடும். பசிக்கலேன்னு சொல்வாரு, நம்பாதே. தட்டை முன்னால வெச்சுட்டா சாப்பிட்டுடுவாரு. குளியலறையில பிடிச்சுக்கறதுக்கு ஒரு கம்பி..."

"இரு, இரு. எதுக்கு இதெல்லாம் எங்கிட்ட சொல்றே?"

"அவர் உங்கிட்டதானே வர்றாரு? இன்னைக்கு ரயில்ல."

"அப்பாவா? இங்கயா? யார் சொன்னா?"

"அண்ணி வந்து கூட்டிட்டுப் போனாங்க. நீதான் வரச் சொன்னேன்னு..."

"அக்கா எங்கிட்ட பேசியே ரொம்ப நாளாச்சு. நான் இருக்கற அறையில ரெண்டு பேர் நிக்கறதே கஷ்டம்." அவன் குரல் மாறியது. "என்ன நடக்குது அங்கே? அப்பா எங்கே?"

"தெரியலே. கேட்டுட்டு நானே கூப்பிடறேன்."

வைக்கப் போனாள். "ஒரு நிமிஷம்" என்றான் அவன். "நீ... இப்போ தனியாவா இருக்கே?"

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

நாத்தனாருக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். இந்தமுறை எடுத்தார்கள். கார் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அண்ணி, அவர்கிட்ட பேசிட்டேன். அவருக்கு எதுவுமே தெரியலே. மாமாவை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"

நாத்தனார் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "என்னைக் கேக்காதேம்மா. மகன் கூப்பிட்டான்னு சொன்னாத்தான் நீ விடுவேன்னு அவர்தான்..." குரல் உடைந்து நின்றது. போன் கை மாறியது.

"நான்தான்" என்றார் பெரியவர்.

"மாமா, எங்கே போறீங்க? எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"ஒரு முதியோர் இல்லம்தாம்மா. கூப்பிட்டா ஓடி வர ஆளுங்க இருக்காங்க" என்றார். உடனே, "துரை என்ன பண்றான்?" என்று கேட்டார்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். மங்கிய வெளிச்சத்தில் இரண்டு முதுகுகள் தெரிந்தன.

"மேயறான் மாமா."

"அவ எங்கே?"

"அவளும்தான்."

"கிட்டயா?"

"கிட்ட இல்லே. நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. ஆனா அவ நகர்ந்தா இவனும் நகர்றான்."

"சரி" என்றார். "சரி."

அவர் போனை வைக்கவில்லை. கார் எங்கோ ஒரு பாலத்தைக் கடந்தது, ஏதோ ஒரு லாரியைத் தாண்டியது. அவள் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, அந்த இரைச்சலைக் கேட்டபடி வேலிக் கட்டையிலேயே உட்கார்ந்திருந்தாள்.